கண்ணுக்கு ஒரு ஜோடி: ஸ்டீரியோஸ்கோப்பின் ஆம்பூர் மூலம் குறித்து ஓர் ஆய்வு

ஸ்டீரியோஸ்கோப் என்பது கண்ணுக்குத் தைத்த செருப்பு. இக்கட்டுரை நிறுவ வருவது இவ்வளவே. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்வரும் எவருக்கும் இது சொல்லாமலே விளங்கும். ஆய்வுலகத்துக்குத்தான் சான்று தேவைப்படுகிறது.

ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் அட்டையில் இரண்டு படம். ஒன்றைப் போலவே மற்றொன்று. ஆனால் இடக்கண் கண்டது வேறு, வலக்கண் கண்டது வேறு. கண்களுக்கு நடுவே சுமார் ஆறரை சென்டிமீட்டர். ஆழமெல்லாம் அதற்குள் அடக்கம். 1838இல் இதை விளக்கியவர் ஆங்கில விஞ்ஞானி வீட்ஸ்டன். புரூஸ்டர் லென்ஸ் பெட்டி அமைத்தார், பாரிசில் துய்போஸ்க் செய்து விற்றார், 1851 லண்டன் கண்காட்சியில் விக்டோரியா ராணி விரும்பிப் பார்த்தார். ஜோடி மாற்றி ஒட்டினால் தூண் பின்னால் போகும், சுவர் முன்னால் வரும். இரட்டை லென்ஸ் காமிராவின் நெகட்டிவை அப்படியே அச்சிட்டால் படங்கள் இடம் மாறித்தான் விழும். வெட்டி, மாற்றி ஒட்ட வேண்டும். ஷூவை ஜோடி சேர்த்து டப்பாவில் போடும் நம் பெண்களுக்கு இது அரைநாள் வேலை.

அடுத்த சான்று தோல். அன்றைய பிரெஞ்சுப் பெட்டிகள் சில தோல் போர்த்தியவை. அதே நூற்றாண்டில்தான் ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறியது. ஆகவே அந்த ஆடு ஆம்பூர்ப் பக்கத்துப் பேரணாம்பட்டு ஆடு. ஆதாரம் எங்கே என்பார்கள். அது வேறூர் ஆடு என்பதற்கு அவர்களிடம் என்ன ஆதாரம்?

மதராஸ் அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரைக்கு ஒரு ஸ்டீரியோ தொகுப்பும், திருச்சி தஞ்சைக்கு இன்னொன்றும் வெளியிட்டார். நம் பக்கத்து வேலூருக்கு இல்லை. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று ஊரார் அடுக்கும் பட்டியலில் இதையும் சேர்க்கலாம். அந்தக் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981இல் வேலூர்க் கோட்டைக்குள் திரும்பிவிட்டதால் ஓரிடம் காலியாகவும் இருக்கிறது.

ஸ்டீரியோ அட்டை சேகரிப்பாளர் உயிரை விடுவது 1860களின் பாரிஸ் நரக அட்டைகளுக்கு. களிமண் எலும்புக்கூடுகள் விருந்துண்ணும், சைத்தான் சபை கூட்டும். மெல்லிய தாளின் பின்னால் விளக்கைக் காட்டினால் நிறம் ஏறும். ஊசித்துளைக் கண்களில் சிவப்பு ஜெலட்டின் கனலும். குயீன் இசைக்குழுவின் பிரையன் மே இவற்றைச் சேர்த்துப் புத்தகமே போட்டார்.

நானும் ஒன்று வரவழைத்தேன். வந்தது வலது பாதி மட்டும். அனுப்பியவர் மறுமொழி தரவில்லை. இடது பாதி எவரிடமாவது இருந்தால் தெரிவிக்கவும், விலை பேசிக்கொள்ளலாம்.