காஹாங் கேட்டது

காப்புறுதி முகவர், காப்புறுதித் தரகர்... இருவருமே சிரித்தபடிதான் வருகிறார்கள். என்ன வித்தியாசம்?
(செம்பனைக்காரர், காஹாங்)

சிரிப்பு ஒன்றுதான், முதலாளி வேறு. முகவர் கம்பெனியின் ஆள். தரகர் வாடிக்கையாளரின் ஆள். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, தரகு நிறுவனத்துக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அனுமதி கட்டாயம். அதன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காப்பி கொடுக்கலாம்.

தரகர் நம்முடைய ஆள் என்றால், சம்பளம் தருவதும் நாம்தானா?
(கடைக்காரர், காஹாங்)

இல்லை, பெரும்பாலும் கம்பெனி தரும் கமிஷன்தான். அந்தக் கமிஷன் யார் கட்டும் பிரீமியத்திலிருந்து போகிறது?

குளுவாங் – மெர்சிங் சாலையில் யானை காடியை மிதித்தால் பணம் கிடைக்குமா?
(லாரி ஓட்டுநர், காஹாங்)

யானை பாலிசியைப் படித்துவிட்டு வராது. காடிக்காரர்தான் படிக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருந்தால், சொந்தக் காடிக்கு ஒரு சென் வராது.

யானையைவிட அடிக்கடி வரும் விருந்தாளி வெள்ளம். முழுக் காப்புறுதியிலும் அது வழக்கமாகத் தானாகச் சேராது. கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே.

கம்பெனி கையை விரித்தால் யாரிடம் அழுவது?
(இல்லத்தரசி, காஹாங்)

அழ வேண்டாம், எழுதுங்கள். முதலில் அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு. அதன் இறுதி முடிவும் ஒத்துவரவில்லையா? 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவைக்கு, முடிவு வந்த 6 மாதத்துக்குள் போகலாம். பயனீட்டாளருக்குக் கட்டணம் கிடையாது.