குடித்தனத்தோடு வீடு வாங்கியவர்

சென்னையில் மேற்கு மாம்பலம், புரசைவாக்கம், பெரம்பூர் பக்கங்களில் அதிகம் தென்படும் வகை இவர். பணி ஓய்வை ஒட்டி உருவாகிறார். பி.எப்., கிராஜுவிட்டி இரண்டும் கைக்கு வந்த வாசனை பிடித்து ஒரு புரோக்கரும் வந்து சேர்வார். "கீழ ரெண்டு போர்ஷன், மாடியில ஒண்ணு. ஆள் தேடவே வேணாம் சார். பத்திரம் பதிஞ்ச மறுமாசமே வாடகை." விற்பவர் தன் பங்குக்கு, "முன் போர்ஷன்காரர் இருபத்திரண்டு வருஷமா இருக்கார், தங்கமான மனுஷர்" என்பார். இருபத்திரண்டு வருடம் என்பதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள இவருக்குத் தோன்றாது. நற்சான்றிதழ் என்றே நினைப்பார்.

இவர் ஏமாளி அல்ல. மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாம் வாங்கி, வக்கீலிடம் காட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பார். சான்றில் ஒரு வில்லங்கமும் இருக்காது. வரவும் வழியில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே தீரவேண்டும். அதனால்தான் ஊர் முழுக்க வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு எழுதப்படுகிறது. அந்தப் பதினோரு மாதம் முடிந்து இருபத்தோரு வருடமான வில்லங்கம், திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டி முடித்த கையோடு, அரைக் கிலோ இனிப்புடன் வீட்டைப் பார்க்கப் போவார்.

"வாங்க சார், வாங்க. உட்காருங்க. காபி சாப்பிடறீங்களா?"

தன் வீட்டுக்கே விருந்தாளியாகி, நாற்காலி நுனியில் உட்காருவார். பிறகு குடித்தனக்காரர் வீட்டைச் சுற்றிக் காட்டுவார். "அந்த சுவிட்சத் தொடாதீங்க, ஷாக் அடிக்கும். மோட்டார் முக்கால் மணி நேரத்துக்கு மேல ஓடக் கூடாது, காயில் போயிடும். போன வீட்டுக்காரர்கிட்டயும் இதத்தான் சொன்னேன்." அந்தப் 'போன'வில், தாம் எத்தனையாவது என்பது இவருக்கு லேசாக உறைக்கும்.

மீதி உறைப்பது அட்வான்ஸில். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, குடித்தனம் இருக்கும் சொத்தை வாங்கியவரை விற்றவரின் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. உரிமையும் வரும், பொறுப்பும் வரும். ஆனால் கிரயத்துக்கு முந்தைய வாடகை பாக்கி வாங்கியவருக்குச் சேராது. ஆக, பழைய பாக்கி பழையவருக்கு. அவர் வாங்கிச் செலவழித்துவிட்ட பத்து மாத அட்வான்ஸைக் கேட்டுக் குடித்தனக்காரர் வந்து நிற்பது மட்டும் புதியவரிடம். விவரமானவர்கள் அட்வான்ஸ் தொகையைக் கிரய விலையிலேயே கழித்துக்கொண்டு, வாடகை எவ்வளவு, பாக்கி உண்டா என்று குடித்தனக்காரரிடம் எழுத்தில் வாங்கிவிடுவார்கள். இந்த வகையினர் அன்றைக்குப் பத்திரத்தில் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அடுத்து வருவது புது ஒப்பந்தப் படலம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வாடகையைக் கொஞ்சம் ஏற்றி எழுதிய தாளை இவர் நீட்டுவார். குடித்தனக்காரர் கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுவதும் படிப்பார். மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்துவார். "நல்ல நாள் பார்த்துப் போட்டுடறேன் சார்."

காலி செய்யச் சொன்னால் வேறொரு பஞ்சாங்கம் திறக்கும். ஆடியில் வீடு மாறக் கூடாது. புரட்டாசி உசிதமில்லை. ஐப்பசியில் அடைமழை. மார்கழி, கேட்கவே வேண்டாம். தை பிறந்தால் பேத்திக்குப் பிளஸ் டூ ரிவிஷன். பங்குனி ஆகாது. சித்திரை வெயிலில் வயசானவர்களை வைத்துக்கொண்டு எங்கே போவது? வைகாசி நல்ல மாதம்தான். அந்த மாதம் பார்த்து அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கும்.

தண்ணீரை நிறுத்திவிடலாம் என்று இவருடைய மைத்துனர் யோசனை சொல்வார். வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும், வால்வு எங்கே இருக்கிறது என்று குடித்தனக்காரரைத்தான் கேட்கவேண்டும்.

நாளடைவில் இருவருக்கும் ஒரு சிநேகம் உண்டாகிவிடும். ஐந்தாம் தேதி வாடகை வாங்கப் போனால் காபி நிச்சயம். அப்படி ஒரு நாள் குடித்தனக்காரர் குரலைத் தாழ்த்துவார்: "ஊரப்பாக்கத்துல ஒரு பிளாட் வாங்கினேன் சார், குடித்தனத்தோட. அவன் காலி பண்ணவே மாட்டேங்கறான். என்ன ஜனங்களோ! உங்க வக்கீல் நம்பர் கொஞ்சம் தரீங்களா?"

உடனே தந்துவிடுவார். அந்தப் பிளாட் காலியானால் மனிதர் அங்கே குடிபோய்விடுவார் என்ற நப்பாசையில், வக்கீல் பீஸில் பாதியைத் தாமே போட்டுக்கொள்ளவும் தயாராக இருப்பார்.