செகரட்டரி அண்ணன்

தமிழ்நாட்டில் நானூறுக்கு மேல் பேரூராட்சிகள் இருக்கின்றன. பஸ் ஸ்டாண்டு இல்லாத பேரூராட்சி உண்டு, டாக்டர் தங்காத பேரூராட்சி உண்டு. செகரட்டரி அண்ணன் இல்லாத பேரூராட்சி கிடையாது. எங்கள் ஊர் அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ரத்த தானக் குழு, கண் தானக் குழு, பஸ் பயணிகள் நலச் சங்கம், கோயில் அன்னதானக் கமிட்டி, முன்னாள் மாணவர் சங்கம் அத்தனைக்கும் அவர்தான் செயலாளர். தலைவர் பதவியை மட்டும் ஏற்க மாட்டார். தலைவரும் அவரே ஆகிவிட்டால் ஷாமியானாவுக்கு யார் பணம் கொடுப்பது?

டி.வி.எஸ். எக்ஸ்எல்லின் முன்னால் ஒரு மஞ்சப்பை தொங்கும். வெள்ளைத்தாள், ஸ்டாம்பு பேடு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒரு கத்தை, ஊரில் பாதிப் பேரின் ஆதார் நகல், ஒரு நீள நோட்டு. இந்த நோட்டில்தான் ஊர் அடக்கம். இன்னார் மகன், இன்ன தெரு என்று சொன்னால் அண்ணனுக்கு ஆள் பிடிபடாது. "அட, ஓ நெகட்டிவ் வாத்தியார் பையனா?" என்பார். பதினெட்டு முடிந்த பிள்ளைகளின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறுவதற்கு முன்பே அந்த நோட்டில் ஏறிவிடும். ரத்தம் கொடுத்தபின் ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும். அது முடிந்த மறுநாள் காலை போன் வரும். 45 கிலோவாவது இருக்க வேண்டும் என்பதால், 43-இல் நின்ற ஒரு பையனுக்குப் புரோட்டாக் கடையில் தன் பெயரில் கணக்கே வைத்துக் கொடுத்தார்.

சிரிக்கலாம். ஆனால் நடு ராத்திரியில் பிரசவக் கேஸுக்கு ரத்தம் வேண்டும் என்று யாராவது கதவைத் தட்டினால், லுங்கி மாற்றக்கூட விடாமல் இரண்டு பேரை எழுப்பி, வண்டியில் முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பறப்பவர் அவர் ஒருவர்தான். எக்ஸ்எல்லில் மூன்று பேர் போவது குற்றமே. மறித்த ஏட்டையா ஏ பாசிட்டிவ். அவர் பெயரும் நோட்டில் இருந்தது.

கண் தானம் இதைவிடக் கடினமான இலாகா. உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அதனால் சம்பந்திகளுக்குத் தகவல் போவதற்கு முன்பே அண்ணன் துக்க வீட்டில் நிற்பார். மாலை வைப்பார், கும்பிடுவார், அடுத்த கணம் ஃபேனை நிறுத்துவார். காற்றில் கருவிழி காய்ந்துவிடும் என்பது அவர் கவலை; சித்திரை வெயிலில் ஒப்பாரி வைக்க வந்தவர்களின் கவலை வேறு. இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, தலைக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிவிட்டு, பிள்ளைகளைத் தனியே அழைத்துப் பேசுவார். "புரை ஆபரேஷன் ஆனவங்களாச்சேன்னு யோசிக்காதீங்க தம்பி. அப்பவும் குடுக்கலாம்." இந்த வேகத்தால் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. உடம்பு முடியாமல் திண்ணையில் படுத்திருக்கும் பெரியவரை அண்ணன் எட்டிப் பார்த்தால், அவர் கேட்பதற்கு முன்பே, "நான் நல்லாத்தான் இருக்கேன்யா, நீ கிளம்பு" என்று பதில் வந்துவிடுகிறது.

என்றாலும் அண்ணனின் கலை முழுதாக வெளிப்படுவது மனுவில்தான். திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸ், மக்கள் குறைதீர்க்கும் நாள். கீழத்தெரு வாய்க்கால் ஆறு மாதமாக அடைத்துக் கிடக்கிறது என்று மனு கொடுத்து, ரசீது வாங்கி, அதை ஒரு நகல் எடுத்துக்கொண்டு திரும்புவார். மனு அங்கிருந்து பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் வழியாக இறங்கி இறங்கி, எந்த ஆபீஸைப் பற்றிய புகாரோ அந்த ஆபீஸின் மேசைக்கே வந்து சேரும். மேசைக்குரிய இளநிலை உதவியாளர் தம்பி ஃபைலோடு டீக்கடைக்கு வருவார்.

"அண்ணே, உங்க மனுவுக்குப் பதில் அனுப்பணும். நான் எழுதினா ஈ.ஓ. திருத்திக்கிட்டே இருக்காரு."

"எழுதிக்க தம்பி. 'மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. நிதி நிலைமைக்கேற்ப...' நல்லாப் போடு, 'நிதி நிலைமைக்கேற்ப உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.'"

நாலு நாளில் பதில் தபாலில் வரும். படித்துவிட்டு அண்ணன் நிஜமாகவே கொதிப்பார். "பாத்தீங்களா, எவ்வளவு பொறுப்பில்லாத பதிலு!" உடனே 2005-ஆம் ஆண்டு தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, நிதி எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, வாய்க்கால் கடைசியாக எப்போது அள்ளப்பட்டது என்று கேட்பார். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு, வந்தாலும் மேல்முறையீடு. பதிலில் எங்கே ஓட்டை என்று எழுதிக் கொடுத்தவருக்கா தெரியாது?

இதில் அதிசயம், வாய்க்கால் அள்ளப்பட்டுவிடும். ஃபைல் ஒரு கனத்துக்கு மேல் போனால், இன்னொரு பதில் எழுதுவதைவிட இரண்டு ஆளை மண்வெட்டியோடு அனுப்புவது சுலபம் என்று ஆபீஸுக்கே பட்டுவிடும். நம் நிர்வாகத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

வீட்டில் அண்ணி அதிகம் பேச மாட்டார். ஒருமுறை மட்டும் சொன்னார்: "ஊர்ல பாதிப் பேருக்குப் பட்டா மாத்திக் குடுத்துட்டாரு. எங்க வீட்டுப் பட்டா இன்னும் எங்க மாமனார் பேர்லதான் இருக்கு." அண்ணனுக்குப் போர்த்திய பொன்னாடைகள் ஜன்னல் திரையாகவும் மிக்ஸிக்கு உறையாகவும் உத்தியோகம் பார்க்கின்றன.

அவரிடம் புகழாசை உண்டா? ஏராளமாக உண்டு. பைபாஸில் ஒரு விபத்து. யாரோ ஒரு காலேஜ் பையன் நேராக 108-க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வந்து, காயம்பட்டவரை ஏற்றிக்கொண்டும் போய்விட்டது. அண்ணன் போனபோது ரோட்டில் ஒற்றைச் செருப்புதான் கிடந்தது. ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்பதே ஆதங்கம். வெளியே தெரியாமல் சேவை செய்பவர்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். அவர்களுக்கு என் வணக்கம். எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மர் மாறுவதற்குச் சத்தம்தான் தேவைப்பட்டது.

2022 பேரூராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றார். டெபாசிட் போயிற்று. ரத்தம் வாங்கியவர்கள், கண் தெரிந்தவர்கள், பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும் பாட்டிகள், யாருமே ஓட்டுப் போடவில்லை. நன்றி கெட்ட ஊர் என்று நான் புலம்பியபோது டீக்கடைக்காரர்தான் விளக்கினார்: "அண்ணன் ஜெயிச்சு மெம்பராயிட்டா, அப்புறம் மெம்பரு மேல யாருங்க மனு எழுதுறது?"

ஜெயித்தவர் மறுநாள் சால்வையோடு அண்ணனைப் பார்க்க வந்தார். அண்ணன் திண்ணையில் அட்டையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தவர் திடுக்கிட்டார். 'பொருள்: வார்டு உறுப்பினரின் மெத்தனப் போக்கு குறித்து.'

"அண்ணே, நான் இன்னும் பதவியே ஏத்துக்கலியே!"

"அதான் தேதி போடல தம்பி," என்றார் அண்ணன், சால்வைக்குக் கழுத்தை நீட்டியபடி.