படகு யாருடையது?

கேள்வி: நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாதான் 2025-ல் தனியார் ராக்கெட்டில் விண்வெளி நிலையம் போய் வந்துவிட்டாரே! மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்கு இன்னும் எதற்குச் செலவு?
– வாசகர், சிதம்பரம்

பதில்: கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் கேட்டுப் பாருங்கள். அடுத்தவர் படகில் ஏறினாலும் மீன் கிடைக்கும். ஆனால் எப்போது கிளம்புவது, எப்போது கரையேறுவது எல்லாம் படகுக்காரர் கையில்! விண்வெளியிலும் அப்படித்தான்: சுக்லாவின் பயணமே பலமுறை தள்ளிப்போனது. அவர் போகவிருந்த ஃபால்கன்-9 ராக்கெட்டில் திரவ ஆக்ஸிஜன் கசிந்தபோது, அதைச் சரிசெய்யாமல் கிளம்பக் கூடாது என்று நம் இஸ்ரோக்காரர்கள் பிடிவாதமாக நின்றார்கள். மகேந்திரகிரி சோதனை மையத்தில் எஞ்சின்களை எரித்துச் சோதித்த அனுபவம் சும்மா போகுமா? 2023 அக்டோபர் 21 ககன்யான் சோதனையில், ஆளில்லாத கலம் இதே வங்கக் கடலில் தலைகீழாக மிதந்தது. கடற்படை மீட்டு வந்தது. மனிதர் ஏறுவதற்கு முன்பே அந்தக் குறை தெரிந்துவிட்டதே, அதற்குத்தான் செலவு!