டிவிடி ரைட்டர் வாங்கித் தருபவர்

டிவிடி ரைட்டர் வாங்கித் தருபவர் தொழிலால் வங்கி ஊழியராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம். ஆனால் தெருவில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ரைட்டர் வாங்கினாலும் உடன் போவது இவர்தான். 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவர் இல்லாத தெரு அரிது. சென்னையில் என்றால் சனிக்கிழமை மாலை ரிச்சி தெருவில் இவரைக் காணலாம். இவர் கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பார். பணம் கொடுக்க வேண்டியவர் பின்னால் வருவார்.

கடையில் இவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எக்ஸ்?" சிடிக்கு ஒரு எக்ஸ் என்றால் நொடிக்கு 150 கிலோபைட்; டிவிடிக்கு அது ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஆகவே 52 எக்ஸ் சிடியைவிட 16 எக்ஸ் டிவிடிதான் வேகம். இது இவருக்குத் தெரியும். விளக்கினால் மரியாதை குறையும் என்பதால் சொல்ல மாட்டார். அடம்பிடித்து 16 எக்ஸ் வாங்கவைப்பார். வீட்டுக்கு வந்ததும், "எட்டுக்கு மேல போகாதீங்க சார், டிஸ்க் வீணாயிடும்" என்பார்.

எழுதும் வட்டு டிவிடி பிளஸ் வகையா, மைனஸ் வகையா என்பதிலும் இவருக்குக் கட்சி உண்டு. இரண்டையும் எழுதும் ரைட்டர்களே கடையெங்கும் நிறைந்த பிறகும் கட்சியைக் கலைக்கவில்லை.

இவருடைய உண்மையான அரங்கம், ரைட்டரை மதர்போர்டோடு சேர்க்கும் இணைப்பு: பழைய ஐடிஇ-யா, புதிய சாட்டாவா? "ஐடிஇ வெறும் 33 சார், சாட்டா 150!" அன்றைய பெரும்பாலான ரைட்டர்களுக்கு, நொடிக்கு இத்தனை மெகாபைட் என்ற கணக்கு சரிதான். ஆனால் 16 எக்ஸில் ஓடும் ரைட்டருக்கே தேவை 22. அதுவும் வட்டின் வெளி ஓரத்தை எட்டும்போதுதான். மீதி வேகம் குடம் நிரப்ப வீராணம் ஏரியிலிருந்து குழாய் போட்ட கதை.

சாட்டாவின் நிஜமான நன்மைகளை இவர் வாயால் கேட்க முடியாது. ஐடிஇ-யில் ஒரே பட்டைக் கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் ரைட்டரும் தொங்கும். எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்பதை ஜம்பர் என்னும் பொடித்துண்டைச் செருகி முடிவுசெய்ய வேண்டும். இரண்டுமே மாஸ்டர் ஆனால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் எதையும் கண்டுகொள்ளாது. அப்போதுதான் இவருக்கு ஆள் அனுப்புவார்கள். இவர் வந்து கேபினெட்டைத் திறப்பார். ஜம்பர் கீழே விழும். குடும்பமே டார்ச் அடித்துத் தேடும். நடுவில் காபி வரும். சாட்டாவில் ஒரு கேபிளுக்கு ஒரு டிரைவ், ஜம்பர் வேலை இல்லை, காபியும் இல்லை. தன் பிழைப்பில் தானே மண் போடுகிறோம் என்பது தெரியாமலே இவர் சாட்டாவைப் பரிந்துரைத்தார்.

பழைய கம்ப்யூட்டருக்கும் அதையே வாங்கவைத்து, மதர்போர்டில் சாட்டா இணைப்பே இல்லை என்று அறிந்து, அடுத்த சனிக்கிழமை மாற்றித்தரச் சொல்லிக் கடைக்காரரிடம் வாதாடியதும் உண்டு. புது போர்டு வாங்கியவர்கள் மட்டும் தப்பித்தார்கள். 2006-இல் இன்டெல் தன் புதிய சிப்செட்டிலிருந்து ஐடிஇ-யை நீக்கிவிட்டது. அவர்கள் விஷயத்தில் இவர் சொன்ன காரணம் தவறு. வாங்கித் தந்த ரைட்டர் சரி.