சார்ஜா மணற்புயலும் கரிசல்காட்டு இருக்கை மரபும்: ஓர் ஆய்வு

1998 ஏப்ரலில் சார்ஜாவில் நடந்த கோகோ கோலா கோப்பை ஒரு முத்தரப்புப் போட்டி. இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என மூன்று நாடுகள் நிஜமாகவே வந்து ஆடின. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம்மூரில் பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்துவதற்கு, மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு மச்சினன் போதும்.

ஏப்ரல் 22 ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் மட்டையையே பார்த்தார்கள். ஆஸ்திரேலியா 284. நடுவில் மணற்புயல் அடித்து ஆட்டம் நின்றதில், இலக்கு 46 ஓவரில் 276 என்றானது. இறுதியாட்டத்துக்குள் நுழைய மட்டும் 237 போதும். டெண்டுல்கர் 131 பந்தில் 143. இந்தியா 250 எடுத்து, 26 ரன்னில் தோற்று, இறுதியாட்டத்துக்குப் போனது. இதெல்லாம் புறச்சான்று. அந்த இரவில் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட ஊர்களில், டிவி இருந்த வீடுகளில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்னும் அகச்சான்றை ஒருவரும் தொடவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்கும்.

பார்வையாளர் ஐவகையினர். கட்டிலர்: வீட்டுக்காரர். தரையர்: மற்றவர். சன்னலர்: வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். உறங்குநர்: மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து முதல் ஓவரிலேயே சுவரில் சாய்ந்துவிட்டவர். டெண்டுல்கர் ஆடும்வரை இவரை எழுப்பக் கூடாது, குறட்டை எவ்வளவு ஏறினாலும். ஐந்தாமவர், ஒன்றுக்குப் போனவர். இந்த ஆய்வின் நாயகர் இவரே.

இவர் வெளியே இருக்கும்போது பவுண்டரி போனால் வெளியிலேயே நிற்க வேண்டும் என்பது பெருவழக்கு (காண்க: "அங்கேயே நில்லுடா!", கட்டிலிலிருந்து, வாய்மொழி). விக்கெட் விழுந்தால் உடனே உள்ளே வர வேண்டும். அதன்பின் ஆட்டம் முடியும்வரை எழக் கூடாது. இதற்கு மருத்துவ ஆட்சேபம் உண்டு. அவர் வெளியே நிற்பதுதான் பலன் என்பார் புறநிலையர், அவர் அடக்கிக்கொண்டு உள்ளே இருப்பதுதான் பலன் என்பார் அகநிலையர் (ரேஷன் கார்டு அட்டையின் பின்புறம், பென்சில் எழுத்து, எண்ணெய்க் கறை போகப் படிக்கக் கிடைத்தவை இரண்டு வரி, அவற்றுள் முதல் வரி மிளகாய்வத்தல் கணக்கு). இவ்விரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டுவதில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மட்டும் உண்டு.

சிக்கல் புயலில்தான் தொடங்கியது. திரையில் மண் பறந்தபோது நம்மவர்களுக்கு வியப்பே இல்லை. சித்திரையில் இந்தக் காற்றை வருஷந்தோறும் தின்கிற ஊர் இது. இதற்குக் கோடை உழவுகூட நிற்காது. "இதுக்குப் போயி ஆட்டத்தை நிறுத்துவானா?" என்று அத்தனை பேரும் எழுந்து ஒரே நேரத்தில் சீமைக்கருவேலம் புதர்ப்பக்கம் போனார்கள். ஐந்து வகையும் ஒரே வகையான அந்தக் கணத்தை விளக்க இன்றுள்ள எந்தக் கோட்பாட்டாலும் முடியவில்லை. திரும்பி வந்தபோது யார் இடம் எது என்பதில் தகராறு. தரையர் ஒருவர் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு, முன்பும் தாம் பிடித்திருந்ததாகச் சாதித்தார் (ஆதாரம்: காலில் ஒட்டியிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு, கட்டிலின் காலில் அல்ல, அவர் காலில், வலது பெருவிரல், உட்புறம், பிற்காலத்து இடைச்செருகலாகவும் இருக்கலாம்).

237 வந்ததும் வேட்டுப் போட்டார்கள். ஆட்டம் முடிந்தபின் ஒரு அப்பத்தா கேட்டார்: "தோத்துப்போயிட்டுல்லடா வேட்டுப் போடுறீக?" நிகர ரன் விகிதத்தை அவருக்கு விளக்கியவர் இதுவரை இல்லை. பருத்திக் கமிஷன் கடைக் கணக்கப்பிள்ளையே பின்வாங்கினார்.

ஏப்ரல் 24, டெண்டுல்கருக்கு 25 வயது நிறைந்த நாள். இறுதியாட்டத்தில் அவர் 134 அடித்தார், இலக்கு 273, இந்தியா 6 விக்கெட்டில் வென்றது. அன்று ஒன்றுக்குப் போனவர், போகவேண்டிய தேவையே இல்லாமல், பொழுது சாயும்போதே புதரோரம் நிறுத்தப்பட்டார் என்று புறநிலையர் சொல்கிறார்கள். கோப்பை அசாருதீன் கைக்குப் போனது; கருவேல முள் யார் காலுக்குப் போனது என்பதை எந்த ஸ்கோர் அட்டையும் சொல்லவில்லை.

ஆகவே, அவ்விரவு தாம் உட்கார்ந்த இடம் நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். இடையில் எழுந்து போனதை மறைக்க வேண்டாம். பயணப்படி கிடையாது. சான்றிதழ் உண்டு.