சாம்பல் சொல்லும் சாதகம்

கே: பேர் தெரியாத கம்பெனியின் விலை உயர்ந்த சுருட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நம்பிப் பற்றவைக்கலாமா?
– வாசகர், காதர்பேட்டை

ப: லேபிள் வெட்டிய எக்ஸ்போர்ட் பனியனைத் தையல் பார்த்தே எடைபோடும் ஊர்க்காரருக்கா இந்தச் சந்தேகம்? லேசாக அழுத்திப் பார்க்கட்டும். மேலிலை நொறுங்கினால் காய்ந்த சரக்கு. சாம்பல் சட்டென்று உதிராமல் நின்றால் உள்ளே பெரும்பாலும் முழுநீள இலை.

சாம்பலுக்குச் சரித்திரமே உண்டு. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த கறுத்த, செதிலான சாம்பலைப் பார்த்தே 'திருச்சினாப்பள்ளி சுருட்டு' என்கிறார் துப்பறிவாளர். நம்ம உறையூர்ச் சரக்கு! லண்டன் கொலை வழக்கில் பேர் அடிபட, அதற்கு விளம்பரம் தேவைப்படவில்லை.

புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்று வரலாம். அதற்கும் துணிந்தால், பனியன் குடோனுக்கு வெளியே பற்றவைக்கட்டும்; பஞ்சுக்கு பிராண்டு பேதம் தெரியாது.